சகலைக்குக் கிடைத்த சொல்

எது முக்கியம் என்று சொல்லத் தெரிந்த இனங்கள் உலகை ஆண்டன. சொல்லத் தெரியாத இனங்கள் மண்ணோடு மண்ணாகிப் போயின. மனித வரலாற்றின் சாரம் இவ்வளவுதான். இந்தச் சாரத்தைப் பிழிந்தெடுத்த உயர் ஆங்கிலச் சொல்லாட்சிப் பயிலகம், ஒரு டயர் கடையின் மாடியில், பல் மருத்துவர் ஒருவரின் அறைகளில், அவர் நோயாளிகளைப் பார்க்காத பிற்பகல் வேளைகளில் நடந்துவந்தது. சில நாள் மருத்துவர் சீக்கிரமே வந்துவிடுவார். அன்றைக்குக் கன்னம் வீங்கியவர்களும் வகுப்பில் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மாணவர்களைவிட அவர்களே அமைதியாகப் பாடம் கேட்கிறார்கள் என்று பயிலகத்தின் முதல்வர் வாய்விட்டுப் பாராட்டியிருக்கிறார்.

மீட்டர்காரர் அந்தப் பயிலகத்தில் சேர்ந்தது ஆங்கிலம் கற்றுக்கொள்வதற்காக அல்ல. சகலை சேர்ந்துவிட்டார் என்பதற்காக.

மீட்டர்காரர் குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். வீடு வீடாகப் போய், குனிந்து, மூடியைத் திறந்து, பல்லியை விரட்டி, தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். சகலை அதே அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரசீது போடுபவர். முன்னவர் அக்காவைக் கட்டியவர், பின்னவர் தங்கையைக் கட்டியவர். முன்னவர் வெயிலில் கறுத்தார். பின்னவர் மின்விசிறிக்குக் கீழே வெளுத்தார். இதையெல்லாம்கூட மீட்டர்காரர் பொறுத்துக்கொண்டிருந்தார். காரணம், மாமனார் வீட்டில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலி. அது மூத்த மாப்பிள்ளைக்கு உரியது. சகலைக்கு மடக்கு நாற்காலி. அவர் உட்காரும்போதெல்லாம் அது கிறீச்சென்று முனகும். மீட்டர்காரர் அதைவிட இனிமையான வாத்தியத்தைக் கேட்டதில்லை.

இந்த நிலையில் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பதவி காலியானது. ஒரே ஒரு பதவி. ஆங்கிலத்தில் ஒரு தேர்வு. அதில் முந்துகிறவருக்குத் தனி மேஜை, தனி அறை, கதவில் பெயர்ப்பலகை. ஆங்கிலம் என்றதும் மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். மிச்சம் நின்றவர்கள் சகலைகள் இருவரும்தான்.

“தங்கச்சி போன் பண்ணினா,” என்றாள் மனைவி. “அவர் கோச்சிங் சேர்ந்துட்டாராம். வீட்ல நடந்துகிட்டே படிக்கிறாராம். தரையே தேயுதாம்.”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நீங்க தூங்குங்க. வீட்ல யாராவது ஒருத்தர் நிம்மதியா இருக்கணும்ல.”

மறுநாள் அவர் டயர் கடை மாடிப்படி ஏறினார்.

முதல்வர் நல்ல உயரம். நரைத்த மீசையைச் சீப்பால் வாரியிருந்தார். பாடம் நடத்தும்போது மருத்துவர் மேஜையிலிருக்கும் பெரிய பிளாஸ்டிக் பல்செட்டைக் கையில் எடுத்துக்கொள்வார். வாக்கியம் முடியும் இடத்தில் அது டக்கென்று மூடிக்கொள்ளும்.

“தேர்வுல கேள்விக்குப் பதில் எழுதறவன் யாரு?” என்று அவர் தொடங்கினார். “பதில் தெரிஞ்சவன். பதில் தெரிஞ்சவனுக்கு எதுக்குக் கோச்சிங்? நம்ம மாணவர் பதில் எழுத மாட்டார். அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம்னு எழுதுவார். காத்து மாசைப் பத்திக் கேட்டா, காத்து முக்கியம். போக்குவரத்தைப் பத்திக் கேட்டா, போறது முக்கியம், வர்றது அதைவிட முக்கியம். கேள்வி கேட்டவனுக்கு மனசு குளிர்ந்து போயிடும். ஆகா, நாம கேட்டது இவ்வளவு பெரிய விஷயமான்னு நினைச்சுப்பான். நான் என் வாழ்க்கையில ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொன்னதில்லை. இன்னைக்கு எங்க உக்காந்திருக்கேன், பாருங்க.”

அவர் உட்கார்ந்திருந்தது பல் பிடுங்கும் நாற்காலியில். பல்செட் டக்கென்று மூடியது.

ஆகவே பயிலகம் ஆங்கில மொழியில் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு சரக்குதான்: ஒன்றை முக்கியம் என்று சொல்லும் சொற்கள். ஆனால் அவற்றை எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குக் கழுத்தில் வெள்ளைப் பட்டை. வெள்ளைப் பட்டைக்காரர் ‘இம்பார்ட்டண்ட்’ என்று மட்டும் சொல்லலாம். நீலப் பட்டைக்கு ‘சிக்னிஃபிகண்ட்’. பச்சைக்கு ‘வைட்டல்’. சிவப்புக்கு ‘குரூஷியல்’. எல்லாவற்றுக்கும் மேலே, பொன்னிறப் பட்டையில், ‘பாரமௌண்ட்’. அது பயிலகம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. ஒருவரிடம் இருந்தால் மற்றவரிடம் இருக்க முடியாது.

“எல்லாருக்கும் குடுத்தா என்ன சார்?” என்று மீட்டர்காரர் கேட்டார்.

“எல்லாரும் பல்லக்குல ஏறினா தூக்கறது யாரு?” என்றார் முதல்வர். வெள்ளைப் பட்டைக்காரர்கள் எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். தூக்குவது யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தகுதிக்கு மீறிய சொல்லை யாரும் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளக் கண்காணிப்பு அம்மா என்று ஒருவர் இருந்தார். அவர் செருப்பில்லாமல் நடப்பார். ஒருமுறை, வெளிநாட்டு வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், மருத்துவமனையிலிருந்து வந்த போனில், “பேஷண்டுக்கு வைட்டல்ஸ் பாத்து வைங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டார். அவர் கழுத்தில் இருந்தது வெள்ளைப் பட்டை.

“அது என் தொழில்ல சொல்றதுங்க மேடம். நாடி, காய்ச்சல், ரத்த அழுத்தம் பாக்கறதுக்கு அப்படித்தான் பேரு.”

“தொழிலை வெளியில விட்டுட்டு வாங்க. இங்க உங்களுக்கு இம்பார்ட்டண்ட்தான்.”

அந்த நர்ஸ் அன்றிலிருந்து போனில், “பேஷண்டுக்கு இம்பார்ட்டண்ட் பாத்து வைங்க” என்று சொல்ல ஆரம்பித்தார். மருத்துவமனையில் எதைப் பார்த்து வைத்தார்களோ தெரியாது.

இதெல்லாம் மீட்டர்காரருக்குக் கொஞ்சம் புரிந்தது, நிறையப் புரியவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகப் புரிந்தது. அவர் வெள்ளையில் நிற்கும்போதே சகலை நீலம் ஆனார். பிறகு பச்சை. ஒரு நாள் சிவப்புப் பட்டையோடு அலுவலகத்துக்கே வந்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, ரசீது கேட்டு வந்த ஒரு முதியவரிடம், “உங்க கையெழுத்து ரொம்பக் குரூஷியல்” என்றார். முதியவர் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி மகனை அழைத்துவந்தார்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. மாணவர்கள் எல்லோரும் எழுந்து நிற்க, முதல்வர் மருந்து அலமாரியைத் திறந்து, பஞ்சு உருண்டைகளுக்கு நடுவிலிருந்து பொன்னிறப் பட்டையை எடுத்தார். சகலை கழுத்தை நீட்டினார்.

“இன்னையிலேர்ந்து இந்தச் சொல் இவருக்கு. இவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்லை,” என்றார் முதல்வர்.

சகலை சிரித்தார். கைதட்டலில் மீட்டர்காரரின் கைகளும் சேர்ந்துகொண்டன. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் கைகள் வேறு எங்கே போகும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கைவைத்த நாற்காலியில் சகலை உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க,” என்றார் மாமனார், மடக்கு நாற்காலியை விரித்தபடி. “சின்ன மாப்பிள்ளைக்கு ஏதோ பெரிய சொல்லாக் குடுத்திருக்காங்களாம். இதுல உக்காந்தா தாங்குமோ தாங்காதோன்னுதான்.”

மீட்டர்காரர் உட்கார்ந்தார். கிறீச்.

சாப்பாட்டில் சகலை, “உப்புங்கிறது பாரமௌண்ட், மாமா,” என்றார். மாமனார் உப்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். மீட்டர்காரர் அதே உப்பைக் கேட்டபோது, “அங்கேதான் இருக்கு, எடுத்துக்குங்க,” என்றார்கள்.

“அத்தான், உங்களுக்கு இன்னும் இம்பார்ட்டண்ட்தானா?” என்று மச்சினி கேட்டாள். “பரவாயில்லை அத்தான். அதுவும் நல்ல சொல்தான். எல்லாருமே சொல்றதுதானே.”

திரும்பும்போது பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில், “என்னங்க, அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்?” என்றாள்.

“எனக்குக் குடுக்கலை. எனக்கு எப்படித் தெரியும்?”

“கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். பேருந்தின் கம்பியை மீட்டர்காரர் பிடித்த பிடியில் கம்பி வளையாதது கம்பியின் நல்ல காலம்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பயிலகத்தில் ஒரு பிற்பகல், முதல்வரின் தலைக்கு மேலே இருந்த சுவிட்சுப் பெட்டியிலிருந்து புகை வந்தது. முதலில் நூல் மாதிரி, பிறகு கயிறு மாதிரி.

முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைப் பட்டைக்காரர் கையைத் தூக்கினார். “சார், ஒரு இம்பார்ட்டண்ட் விஷயம்.”

“இம்பார்ட்டண்ட்னா வகுப்பு முடிஞ்சதும் சொல்லுங்க.”

பெட்டிக்குள் ஏதோ படபடவென்று வெடித்தது. நர்ஸுக்கு அதற்குள் பச்சைப் பட்டை கிடைத்திருந்தது. “சார், வைட்டல்,” என்றார்.

“வைட்டல்னா இடைவேளையில பாத்துக்கலாம்.”

“சார், மேல பாருங்க.”

முதல்வர் மேலே பார்த்தார். அவர் முகத்தில் ஒரு மனிதனின் கலக்கம் வந்தது. உடனே ஒரு முதல்வரின் தெளிவு வந்து அதை மூடியது. “இது பெரிய விஷயம்தான். ஆனா அதைச் சொல்றதுக்குன்னு ஒருத்தர் இருக்கார். பாரமௌண்ட் எங்கே?”

பாரமௌண்ட் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

“வரட்டும்,” என்றார் முதல்வர், நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துக்கொண்டு. மாணவர்கள் காத்திருந்தார்கள். கன்னம் வீங்கிய ஒருவர் மட்டும் கதவோரமாக நகர்ந்தார். அவர் மருத்துவரின் ஆள், விதி அவருக்குப் பொருந்தாது.

மீட்டர்காரரும் புகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் நெஞ்சில் எரிந்தது வேறு. தீப்பிடித்தால்கூட அந்த ஆள் வந்து சொன்னால்தான் தீயா? அவன் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் வேகவேண்டுமா? அவர் எழுந்தார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து தானாகவே வந்தது.

“பாரமௌண்ட்!”

அடுத்த நொடி மொத்த வகுப்பும் படியில் இருந்தது. முதல்வர் பல்செட்டோடு முன்னால் ஓடினார். மேலே ஏறிவந்த சகலையின் சட்டையில் டீ முழுவதும் கொட்டியது. மீட்டர்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கடைசியாக இறங்கினார். அந்தச் சொல் தன் வாயிலும் வேலை செய்கிறது என்பதில் அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சகலையின் சட்டை அதைவிடக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மறுநாள் விசாரணை நடந்தது.

“தீ பிடிச்சதைப் பத்தி நிர்வாகத்துக்கு எந்தப் புகாரும் இல்லை,” என்றார் கண்காணிப்பு அம்மா. “அது பிடிக்கும், அணையும். சொன்னது யாருங்கறதுதான் கேள்வி.”

“நான் சொல்லலைன்னா எல்லாரும் வெந்திருப்போம் மேடம்.”

“வெந்தாலும் ஒழுங்கா வெந்திருப்போம்,” என்றார் முதல்வர் வருத்தத்தோடு. “நேத்து நாம அத்தனை பேரும் ஒரு வெள்ளைப் பட்டை சொல்லி ஓடினோம். வெளியில தெரிஞ்சா நாளைக்கு யாராவது பொன் பட்டைக்கு ஆசைப்படுவாங்களா? என்னை எடுத்துக்குங்க. நானே ஓடினேன். எனக்கு எவ்வளவு அவமானம்?”

சகலை பக்கத்தில் வேறு சட்டையில் நின்றுகொண்டு, “போகட்டும் சார், மன்னிச்சு விடுங்க. பாவம், ஆசைப்பட்டுட்டார்,” என்றார்.

அந்த மன்னிப்பை மீட்டர்காரர் கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

பயிலகத்தின் ஆகக் கடுமையான தண்டனை அவருக்கு விதிக்கப்பட்டது. தேர்வு வரைக்கும் தினமும் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதவேண்டும். அதில் முக்கியத்துவம் துளிகூட இருக்கக் கூடாது.

“எங்கே நடந்தது, என்ன ஆச்சு, யாரு வந்து சரி பண்ணணும். இந்த மாதிரி அற்பமான விஷயமாப் பாத்து எழுதுங்க,” என்றார் முதல்வர். “அப்பதான் புத்தி வரும்.”

மீட்டர்காரருக்கு அற்ப விஷயங்களுக்குப் பஞ்சமில்லை. எந்த மூலையில் குழாய் கசிகிறது, எந்த வால்வு துருப்பிடித்து இறுகிவிட்டது, எந்த மூடிக்கு மேலே யார் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் குட்டி குட்டி வாக்கியங்களில் எழுதினார். கண்காணிப்பு அம்மா ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, ‘முக்கியமில்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். அதே நேரத்தில் அடுத்த அறையில் சகலை தண்ணீரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தண்ணீர் எங்கேயும் கசியவில்லை.

தேர்வு நாள். சகலை முன் மேஜையில், மீட்டர்காரர் அவருக்கு நேர் பின்னால். கேள்வித்தாளில் ஒரே கேள்வி: உங்கள் பகுதியில் பிரதானக் குழாய் உடைந்துவிட்டது, மேலதிகாரிக்குத் தெரிவிக்கவும்.

மீட்டர்காரரின் கை, தண்டனை எழுதிப் பழகிய கை, தானாக ஓடியது. இந்தத் தெரு, இந்தக் கடைக்கு எதிரே, குழாய் உடைந்திருக்கிறது. இந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் வால்வு இருக்கிறது, அதை மூடவேண்டும். இத்தனை வீடுகளுக்குத் தண்ணீர் வராது. லாரி அனுப்பவும். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தார். அரைப் பக்கம்கூட வரவில்லை. சரி, போகலாம் என்று பேனாவை மூடியபோது முன்னால் சகலையின் கை உயர்ந்தது.

“அடிஷனல் ஷீட்.”

தேர்வறையைக் கண்காணிக்கிறவர் தாளைக் கொண்டுவந்து, வணங்காத குறையாக வைத்துவிட்டுப் போனார். மீட்டர்காரர் தன் அரைப் பக்கத்தைப் பார்த்தார். அது மடக்கு நாற்காலி மாதிரி இருந்தது.

சகலையின் கை மறுபடியும் உயர்ந்தது. மறுபடியும் ஒரு தாள். சகலையின் பிடரியைப் பார்த்தாலே அவர் சிரித்துக்கொண்டு எழுதுகிறார் என்று தெரிந்தது. பிடரிக்குக் கீழே, சட்டைக் காலருக்குள், பொன்னிறப் பட்டையின் நுனி தெரிந்தது. அதைத் தேர்வுக்குக்கூடக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

மீட்டர்காரர் தன் அரைப் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை கோடு போட்டார். ஒன்று போதாதென்று குறுக்கேயும் போட்டார். கையை உயர்த்தினார். “எனக்கும்.”

பிறகு, தண்ணீர் பாரமௌண்ட் என்று எழுதினார். குழாய் பாரமௌண்ட் என்று எழுதினார். மேலதிகாரியும் பாரமௌண்ட் என்று எழுதினார். சகலை ஒரு தாள் வாங்கினால் இவர் ஒன்று வாங்கினார். மணி அடித்தபோது இரண்டு பேருடைய விடைத்தாளையும் கட்ட நூல் பற்றவில்லை.

முடிவு வந்தது. பதவி மீட்டர்காரருக்கு.

அவரை அழைத்த பொறியாளர் அம்மா மேஜைமேல் இரண்டு கட்டுகளை வைத்திருந்தார். “ரெண்டையும் நான்தான் திருத்தினேன். உங்க சகலை எழுதினதை முழுக்கப் படிச்சேன். தண்ணி ரொம்ப முக்கியம்னு தெரிஞ்சுக்கிட்டேன். குழாய் உடைஞ்சுதா இல்லையான்னு தெரியலை.”

“என்னோடது மேடம்?”

“உங்களோடதும் அதேதான். நல்லவேளை, முதல் பக்கத்துல ஏதோ அடிச்சு வச்சிருந்தீங்க. கோட்டுக்கு நடுவுல கண்ணை வச்சுப் படிச்சேன். மார்க்கு விழுந்தது அதுக்கு மட்டும்தான்.”

மீட்டர்காரர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். “மேடம், இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? ஒண்ணு மட்டும் செய்யுங்க. இனிமே அறிக்கை எழுதினா, அடிக்கறதை அனுப்புங்க. மீதியை நீங்களே வச்சுக்குங்க.”

பயிலகம் பாராட்டு விழா எடுத்தது. டயர் கடையின் நெற்றியில் அவர் படம் தொங்கியது. மாமனார் வந்தார், மச்சினி வந்தாள், மனைவி முன்வரிசையில் உட்கார்ந்தாள். முதல்வர் பல்செட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பேசினார்: “இவர் இங்க சேர்ந்த அன்னைக்கே சொன்னேன், இவரு பெரிய ஆளா வருவாருன்னு. சொன்னேனா இல்லையாங்கறது கேள்வி இல்லை. சொல்லியிருப்பேங்கறதுதான் முக்கியம். நாங்க குடுத்த தண்டனைகூட ஒரு பயிற்சிதான். என்ன பயிற்சின்னு எங்களுக்கு அப்ப தெரியாது. அதுதான் எங்க பெருமை.”

பிறகு, பொன்னிறப் பட்டை ஒன்றே ஒன்றுதான் என்பதால், அதைக் கழற்றிக் கொடுக்கும்படி சகலையிடம் சொன்னார். சகலை கழற்றினார். முடிச்சு காதில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க அவர் பட்ட பாட்டில் முகம் சிவந்தது. அது முடிச்சினால் சிவந்த சிவப்பு இல்லை என்று மீட்டர்காரருக்குத் தெரியும். அந்த நிறத்தை அவர் பல மாதமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

“வாழ்த்துகள் சகலை,” என்றார் சகலை.

“எல்லாம் உங்க ஆசீர்வாதம் சகலை,” என்றார் மீட்டர்காரர், சாவகாசமாகக் கழுத்தை நீட்டி.

“எந்தச் சொல் உங்களை ஜெயிக்க வச்சது? நீங்களே மாணவர்களுக்குச் சொல்லுங்க,” என்றார் முதல்வர்.

வெள்ளைப் பட்டைக்காரர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். மேடைக்குக் கீழே மாமனார் தன் பக்கத்து நாற்காலியிலிருந்த தூசியைத் துண்டால் தட்டிக்கொண்டிருந்தார். அதுவும் கைவைத்த நாற்காலி. மனைவி சிரித்தாள், இத்தனை வருடத்தில் அவள் இந்தப் பக்கம் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. மீட்டர்காரர் ஒரு நொடி அரைப் பக்கத்தையும் அதன்மேல் போட்ட கோடுகளையும் நினைத்தார். பிறகு சகலையைப் பார்த்தார்.

“பாரமௌண்ட்,” என்றார்.

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த வாரமே ஒரு பிரதானக் குழாய் உடைந்தது. காலையிலேயே போனில் தகவல் வந்துவிட்டது. மேற்பார்வையாளர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பட்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் அறிக்கையை எழுதினார். மூன்று பக்கம் வந்தது; ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. பழுதுபார்க்கும் வண்டி அதை வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போய் நின்றது. ஓட்டுநர் மூன்று பக்கத்தையும் இரண்டு தடவை படித்துவிட்டு இன்ஜினை அணைத்தார். எந்தத் தெரு என்று அதில் இல்லை.

அது மேற்பார்வையாளர் குடியிருக்கும் தெரு. காலையில் போன் செய்தது அவர் மனைவி.